சொன்ன அளவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நானூறு பிள்ளைகளின் உயரமும் தையல்காரிக்கு அத்துப்படி. பதினோரு வருஷமாக அவர்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். எந்தப் பையனுக்குப் போன வருஷத்துக் கால்சட்டை இந்த வருஷம் கணுக்காலை விட்டு மேலே ஏறும், எந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை முதலில் அகலும் என்பதையெல்லாம் பெற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அளவெடுக்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம். டேப் காட்டுகிற எண்ணை வாயால் சொல்லவே மாட்டாள். டேப் இருபத்திரண்டு காட்டினால் “இருபத்திரண்டரை” என்பாள். எதிரே நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பட்டன் அக்கா அதையே எழுதிக்கொள்வாள். பட்டனும் கொக்கியும் தைக்க வந்து, காலப்போக்கில் கடைக்கே பாதி எஜமானி ஆகிவிட்டவள் இந்த அக்கா. வளர்கிற பிள்ளைக்கு இன்றைய உடம்புக்குச் சரியாகத் தைத்துக் கொடுத்தால், மூன்றாம் மாசம் தாய்மார்கள் சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்த அரை இன்ச் இனிமேல் வரப்போகிற உடம்புக்கு. பதினோரு வருஷம் இப்படியே சொல்லிச் சொல்லி, கண் பார்ப்பது ஒன்று, வாய் சொல்வது ஒன்று என்று ஆகிப்போயிருந்தது. அதில் பொய் என்று எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைப்பதுதான் உத்தியோகம். எழுதினால் நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவே இல்லை என்று நம்புகிற ஜாதி. கல்யாண மண்டபத்துக்குத் தான் வந்து சேர்ந்த நேரத்தைக்கூட அவன் குறித்து வைத்திருக்கிறான். பெண் வீட்டார் ஏழு நிமிஷம் தாமதம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு அப்போது ஆறரை வயது. உருவம் சின்னது, பேச்சில் காரம் அதிகம், அதனால் வீட்டில் அவள் பெயர் மிளகு. இளையவனுக்கு நாலரை. அவனை எல்லோரும் வாலு என்பார்கள். ஏன் என்று அவனோடு ஐந்து நிமிஷம் இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எல்லாம் ஒரு பஸ்ஸின் முதுகில்தான் ஆரம்பித்தது. பெரிய லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், டிப்போவுக்கு வந்த ஒரு பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கத் தீம் பார்க் விளம்பரம். செயற்கை மலை ஒன்றின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு குட்டி ரயில் வெளியே பாய்கிறது, கீழே தண்ணீர், உள்ளே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் வாய் காது வரை திறந்திருக்கிறது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் மிளகு அதைப் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

“அப்பா, அந்த மலை ரயில்ல நான் முன்னாடி சீட்டுல உக்காருவேன். நீ பக்கத்துல. அம்மா பயந்துக்குவா, அவ கீழ நிக்கட்டும்.”

“நான்?” என்றான் வாலு.

“உனக்கு வாத்துப் படகு இருக்கு. போ.”

இதுவரை அந்தக் குடும்பம் எங்கேயும் போனதில்லை. சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி, மறுபடி சொந்தக்காரர் வீடு, அவ்வளவுதான் அவர்கள் பார்த்த உலகம். டைம்கீப்பர் உற்சாகமாகி, பார்க்கின் விளம்பரத் தாளை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து பொடி எழுத்தையெல்லாம் படித்தான். அதில் ஒரு வரி குறுக்கே நின்றது. மலை ரயிலில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

தையல்காரி மகளைக் கதவோரம் நிறுத்தி அளந்தாள். நாற்பத்தைந்து இன்ச். வேண்டியது நாற்பத்தேழேகால்.

“இந்த வருஷம் வேணாம். வருஷத்துக்கு ரெண்டேகால், ரெண்டரை இன்ச் வளர்ற வயசு. அடுத்த பெரிய லீவுக்குக் கரெக்டா வந்துடும்” என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். நானூறு பிள்ளைகளின் வளர்த்தியைச் சொன்னவளுக்குத் தன் பிள்ளையுடையது தெரியாதா?

நாலு பேர் ஒருநாள் விளையாடிவிட்டு வருவதற்கு யாரும் ஒரு வருஷம் திட்டம் போட மாட்டார்கள். டைம்கீப்பர் போட்டான். அட்டையில் கோடு போட்டு அவன் எழுதி ஒட்டிய அட்டவணை சமையலறைச் சுவரில் தொங்கியது. காலை 5.40 புறப்பாடு. 9.10 வாசல். 9.25 மலை ரயில், வரிசை நீளமாவதற்கு முன். 10.15 வாத்துப் படகு. 10.40 கழிப்பறை, வாலு, கட்டாயம். மத்தியானம் முக்கால் மணி நேரம் நிழலில் உட்காருதல். 3.30 மலை ரயில், இரண்டாம் முறை, மிளகு விரும்பினால். எதிர்பாராத தாமதத்துக்கு இருபது நிமிஷம் தனியாக ஒதுக்கி, அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தான். அதைப் பார்த்துப் பட்டன் அக்கா, “விசில் யாரு ஊதறது?” என்று கேட்டாள். வீடு முழுக்கச் சிரித்தது. அப்படிச் சிரித்த வீடுதான் அது.

ஒவ்வொரு மாசமும் முதல் தேதி காலையில், பள்ளிக்கூடம் போவதற்கு முன் படுக்கையறைக் கதவின் சட்டத்தில் உயரம் பார்ப்பது என்று முடிவாயிற்று. அளப்பது அவள், எழுதுவது அவன். மிளகு செருப்பைக் கழற்றிவிட்டு விறைத்து நிற்பாள். தையல்காரி தலைமேல் மர ஸ்கேலை வைப்பாள், டேப்பை இழுத்துப் பார்ப்பாள், எண்ணைச் சொல்வாள், பென்சிலால் சட்டத்தில் கோடு போடுவாள். டைம்கீப்பர் கோட்டுக்குப் பக்கத்தில் தேதியையும் எண்ணையும் எழுதிப் போனில் ஒரு போட்டோ பிடித்துக்கொள்வான். அடுத்தது வாலு.

இரண்டாம் மாசம் கால் இன்ச் ஏறியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாம் மாசம் ஸ்கேல் பழைய கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. மயிரிழைகூட மேலே போகவில்லை. “எவ்ளோம்மா?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் மிளகு. தையல்காரியின் கண் நாற்பத்தைந்தேகால் என்று படித்தது. வாய் பதினோரு வருஷப் பழக்கத்தில் “நாற்பத்தஞ்சரை” என்றது.

மிளகு குதித்துத் திரும்பினாள். டைம்கீப்பர் எழுதிவிட்டான். வாய் சொன்ன பிறகு பென்சில் என்ன செய்யும்? அதுவும் கொஞ்சம் ஏறித்தான் கோடு போட்டது. சொல்லித் திருத்தியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அரை நிமிஷம் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். போகட்டும், அடுத்த மாசம் வளர்ந்து அந்தக் கோட்டை எட்டிப் பிடித்துவிடும் என்று நினைத்தாள். பிள்ளைகள் நின்று நின்றுதானே வளரும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த மாசம் தலை கோட்டுக்குக் கீழே நின்றது. இப்போது பழக்கத்தின்மேல் பழிபோட முடியாது. அவள் தெரிந்தே சொன்னாள். அதற்கடுத்த மாசமும் சொன்னாள். முதல் தேதி நெருங்கினாலே மகளின் தட்டில் சோற்றை இன்னொரு கரண்டி வைத்தாள், பாலைக் கூட்டினாள், சீக்கிரம் தூங்கு என்று விரட்டினாள். வாலுவோ கேட்காமலே வளர்ந்தான். அக்காவின் புருவம்வரை வந்துவிட்டான். பார்க்கிறவர்கள் இரட்டையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் அவன் அளவை மட்டும் குறைத்துச் சொன்னாள். “நான் ஏன் வளரவே மாட்டேங்கறேன்?” என்று அவன் தரையில் புரண்டு அழுதான். ஒரு பிள்ளைக்குக் கூட்டி, ஒரு பிள்ளைக்குக் குறைத்து, அந்தக் கதவுச் சட்டத்தில் அவள் என்னத்தைத்தான் தைத்துக்கொண்டிருந்தாளோ.

பட்டன் அக்கா மட்டும் ஒருநாள் கேட்டாள். “ஏம்மா, ஊர்ப்பிள்ளைங்களுக்கெல்லாம் அடிமடிப்புப் பிரிச்சு நீளம் விடறோம். நம்ம மிளகு ஸ்கர்ட்டுக்கு இந்த வருஷம் பிரிக்கவே இல்லையே?”

“போன வருஷம் நான்தான் ரொம்பப் பெருசா தச்சுட்டேன்க்கா.”

அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். தன் பிள்ளை விஷயத்தில் தாயைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஏழாம் மாசம் மிளகுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. வாரத்தில் ஒருநாள், பிறகு இரண்டு நாள். தண்ணீர் சொம்பு சொம்பாகக் குடித்தாள். நடக்கும்போது இடதுபக்கம் இருக்கிற கதவு, மேசை, தம்பி எல்லாவற்றின் மேலும் மோதினாள். “கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கற?” என்று தையல்காரி ஒருமுறை அதட்டக்கூடச் செய்தாள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கடைசி வரிவரை மிளகு கடகடவென்று படித்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். தீம் பார்க் நினைப்பில் பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை என்று டைம்கீப்பர் தீர்மானித்தான். தலைவலியோடு மலை ரயிலில் ஏறலாமா என்று பார்க்குக்குப் போன் போட்டுக் கேட்டான். டாக்டரிடம் காட்டிவிட்டு வருவது நல்லது என்றார்கள். அதற்காகத்தான் அவர்கள் டாக்டரிடம் போனார்கள்.

அப்போது லீவுக்கு இன்னும் ஆறு வாரம். கதவுச் சட்டத்தின் கடைசிக் கோடு நாற்பத்தாறே முக்காலில் இருந்தது.

குழந்தைகள் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, நிதானமாகக் கேட்கிறவர். தலைவலி எப்போது வரும், வாந்தி உண்டா, எவ்வளவு தண்ணீர் குடிப்பாள் என்று எல்லாம் விசாரித்தார். நர்ஸ் மிளகைச் சுவரோரப் பலகையில் நிறுத்தி, “நூத்திப் பதினஞ்சு” என்றாள்.

டைம்கீப்பர் சிரித்துவிட்டான். “சிஸ்டர், நாலு சென்டிமீட்டர் எங்க போச்சு? சரியாப் பாருங்க. வீட்டுல நூத்திப் பத்தொன்பதுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.”

நர்ஸ் பலகையைத் தட்டிப் பார்த்தாள். “போன வாரம் சுவருக்குப் பெயின்ட் அடிச்சாங்க டாக்டர். கழட்டி மாட்டினதுல ஏறி இறங்கியிருக்குமோ என்னமோ.”

டைம்கீப்பர் போனை எடுத்து நீட்டினான். பத்து மாசம், பத்து போட்டோ. ஒவ்வொன்றிலும் கோடு, தேதி, எண், அவன் கையெழுத்து. “இவங்க யூனிபார்ம் தைக்கிறவங்க டாக்டர். அளவுல தப்பு வரவே வராது” என்று பெண்டாட்டியைக் கைகாட்டினான். பெருமையாகத்தான் சொன்னான்.

டாக்டர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முகம் தெளிந்தது. “இவ்வளவு ஒழுங்கா யாருமே வெச்சிருக்க மாட்டாங்க. நல்லதுதான். தலைவலியோட வளர்த்தியும் நின்னிருந்தா, நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். இவ நல்லாத்தானே வளர்றா. மாத்திரை தர்றேன். லீவு முடிஞ்சு வாங்க, அப்ப இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கலாம்.”

“அப்ப மலை ரயில் போலாமா?” என்றாள் மிளகு.

“தாராளமாப் போ.”

மிளகு ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வாலு நின்றான். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். தையல்காரி அந்தப் பேனாவையே பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். எழுந்து வீட்டுக்குப் போகலாம், ஆறு வாரத்தில் பார்க்குக்குப் போகலாம், அங்கே வாசலில் நிறுத்தினால் அவர்கள் அளவு தப்பு என்று சண்டைகூடப் போடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ‘வளர்த்தியும் நின்னிருந்தா’ என்ற வார்த்தை மட்டும் காதுக்குள்ளேயே நின்றது.

“மிளகு, நீ தம்பியைக் கூட்டிட்டு வெளில பெஞ்சுல உக்காரு” என்றாள்.

“ஏம்மா?”

“எதுக்கு? முடிஞ்சுது, கிளம்ப வேண்டியதுதான்” என்றான் டைம்கீப்பர்.

அவளால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. பேனா காகிதத்தின் அடிவரை போய்விட்டது.

“டாக்டரம்மா, அந்த அளவெல்லாம் நான் சொன்னது.”

“ஆமா, அதான் சொன்னாரே...”

“நான் சொன்னது. டேப் சொன்னது இல்ல.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவை வாய்தவறி வந்தது, அப்புறம் தெரிந்தே சொன்னது, வாலுவுக்குக் குறைத்தது, மடிப்புப் பிரிக்காத ஸ்கர்ட். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. டைம்கீப்பர் போனை வாங்கி ஒவ்வொரு போட்டோவாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“எது வரைக்கும் நிஜம்?” என்று கேட்டான்.

“ரெண்டாவது மாசம் வரைக்கும்.”

மிளகின் கால்கள் ஆடுவது நின்றிருந்தது. “அப்போ நான் நூத்திப் பத்தொன்பது இல்லையா?”

நர்ஸ்தான் அவள் தலையைத் தடவி, “நீ நூத்திப் பதினஞ்சு கண்ணு” என்றாள்.

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குத் தானே போன் செய்தார்.

மூளைக்கு அடியில் ஒரு கட்டி. பெரிய நெல்லிக்காய் அளவு என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். உடம்பை வளரச் சொல்கிற சுரப்பியை அது அழுத்திக்கொண்டிருந்தது, பார்வை நரம்பையும் சேர்த்து. இடதுபக்கம் இருப்பதெல்லாம் மிளகுக்குத் தெரியாமல் போய்ப் பல வாரம் ஆகியிருக்க வேண்டும். எழுத்துப் பலகை நேர் எதிரே இருந்ததால்தான் படித்திருக்கிறாள். எடுத்துவிடலாம், புற்று வகை இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். பார்வையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சற்று யோசித்தார். “போனது எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்.”

“எட்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?” என்றான் டைம்கீப்பர்.

“அப்படி யோசிக்காதீங்க. அன்னிக்கு உங்க மனைவி சொல்லாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு மாசம் போயிருக்கும்.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

வீட்டில் அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. “பத்தேகாலுக்கு ரத்தப் பரிசோதனை”, “நாலு மணிக்கு மயக்க டாக்டரைப் பார்க்கணும்” என்று நேரத்தை மட்டும் சொன்னான். ஒரே ஒரு தடவை, துணி காயப்போடும்போது, அவளைப் பார்க்காமல் பேசினான். “கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி என்கிட்டயும் சொல்லிட்ட. நான் எழுதினேன். ஒவ்வொரு மாசமும் என் கையால எழுதினேன்.” அவள் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

மிளகும் கோபப்படவில்லை. அதுதான் தையல்காரியைத் தின்றது. கோபித்துக்கொண்டால் மடியில் இழுத்துப் போட்டுச் சமாதானம் செய்யலாம், அழுதால் கூடச் சேர்ந்து அழலாம். அவள் மரியாதையாக நடந்துகொண்டாள். பால் சூடாக இல்லை என்று அம்மா சொன்னால், தலையை ஆட்டிவிட்டு விரல்நுனியை விட்டுப் பார்த்தாள். மாத்திரை கசக்காது என்றால், “அப்பா, கசக்குமா?” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். மழை பெய்கிறது, உள்ளேயே இரு என்றால், ஜன்னல்வரை போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பதினோரு வருஷம் ஊரே நம்பிய வாயை அவள் வயிற்றில் பிறந்த ஏழரை வயதுக் குழந்தை ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தது. நியாயம்தானே? அந்த நியாயத்தைத்தான் தாங்க முடியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவள் அழுதாள்.

சுவரில் அட்டவணை அப்படியே இருந்தது. வாலு தினமும் வந்து, “எப்பப் போறோம்?” என்று அதைக் கேட்டான். டைம்கீப்பர் மேலே இருந்த தேதியை மட்டும் அழித்திருந்தான். புதுத் தேதி எழுதவில்லை. கட்டி எடுத்த பிறகும் மருந்து ஊசி போட்டுத்தான் வளர வைக்க வேண்டும், வேகமாக ஓடி விழுகிற ரயிலெல்லாம் எப்போது ஏறலாம் என்பது பிறகு பார்க்க வேண்டியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பிறகுக்கு அவனிடம் கட்டம் இல்லை.

ஆபரேஷன் நாள் காலை, வாலுவைப் பட்டன் அக்காவிடம் விட்டுவிட்டு ஆறரைக்கே வந்துவிட்டார்கள். மிளகின் தலையில் ஒரு பக்கம் முடியை எடுத்திருந்தார்கள். பச்சைக் கவுன் அவளுக்கு இரண்டு சுற்று பெரிது. ஏழரைக்குத் தள்ளுவண்டி வந்தது. நீளமான தாழ்வாரத்தின் கோடியில் இரட்டைக் கதவு, அதற்கு மேல் பெற்றவர்கள் போகக் கூடாது. நர்ஸ் வண்டியை நிறுத்தி, “அம்மாகிட்ட டாட்டா சொல்லு” என்றாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லத்தான் தையல்காரி வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது. பார்வை வந்துவிடும் என்பதும் தெரியாது. வலிக்காது என்பதும் தெரியாது. தெரிந்தது என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“நீ திரும்பி வர்ற வரைக்கும் அம்மா இங்கயே, இந்தக் கதவுகிட்டயே நின்னுட்டிருப்பேன்.”

மிளகு அவளைப் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் நின்ற நர்ஸைப் பார்ப்பதற்காகத் தலையை முழுசாகத் திருப்பினாள்.

“நிப்பாங்களா சிஸ்டர்?”

நர்ஸ் ஒரு கணம் விழித்தாள். “நிப்பாங்க கண்ணு. அம்மாதானே.”

குழந்தைக்கு அது போதவில்லை. “அப்பா, நீ பாத்துக்கோ” என்றாள்.

“பாத்துக்கறேன்” என்றான் டைம்கீப்பர்.

கதவு மூடியது. தாழ்வாரத்தின் ஒரு பக்கம் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவன் போய் உட்கார்ந்தான். அவள் கதவுக்கு ஓரடி தள்ளிச் சுவரில் சாயாமல் நின்றாள். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி வழிவிட்டு அதே இடத்துக்கு வந்தாள். பத்து மணிக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் அழுத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

தரை துடைக்க வந்த ஆயாம்மா அவளை நாலைந்து தடவை பார்த்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து விரித்துப் போட்டாள். “உக்காரும்மா. இதெல்லாம் மத்தியானம் ஆயிடும். பிள்ளையைக் கூட்டிட்டு வர்றப்ப பெல் அடிப்பாங்க, அப்ப எந்திரிச்சு நின்னாப் போதும். யாருக்குத் தெரியப் போவுது?”

“வேணாங்க.”

“கால் வீங்கியிருக்கு பாரு.”

“பரவால்ல.”

ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள். டைம்கீப்பர் நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் சொல்வதைத் தவிர வேறு பேச்சு அவளோடு பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தான்.

“உக்காரு. அவ கேட்டா, அம்மா நின்னுட்டேதான் இருந்தான்னு நான் சொல்லிக்கறேன்.”

தையல்காரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“நீங்களும் ஆரம்பிக்காதீங்க” என்றாள்.

அவன் நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.